நாலு எல்லை

பகலில் நொத்தாரிசு கந்தோரில் உறுதி தட்டுகிறேன்.
'மேற்படி காணியும் அதிலுள்ள பனை வடலிகளும்
கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்'
விரலுக்குப் பாடம். கண் பார்ப்பதில்லை.

இரவில், மானிப்பாய் வீதி அறையில்
பதினாறு பழைய மடிக்கணினிகள்.
ஒஸ்லோவில் கழித்துவிட்டவை,
புதன்கிழமை அராலிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போகவேண்டும்.
எல்லாவற்றிலும் கட்டற்ற இயங்குதளம் ஏற்றியாயிற்று.
தமிழ் விசைப்பலகை ஓடுகிறது. ஒலி கேட்கிறது.
வைஃபை மட்டும் கண் திறக்கவில்லை.
கருந்திரையில் ஒரு வரி:
நிலைபொருள் இல்லை.

தேடினேன். இருந்தது.
தலையில் பதினெட்டு வரியில் பொதுமக்கள் உரிமம்:
எவரும் ஓட்டலாம், படிக்கலாம், திருத்தலாம்,
திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம்,
கொடுக்கும்போது மூலத்தையும் சேர்த்தே கொடுக்கவேண்டும்.
துப்பரவான உறுதி. எங்கள் நொத்தாரிசே இப்படி எழுதமாட்டார்.

அதற்குக் கீழே
ஏழு எஃப். பூச்சியம் பூச்சியம். ஈ இரண்டு. ஒன்று மூன்று.
ஆறாயிரம் வரி, இப்படியே.
யாரோ ஒருவர் எங்கோ இருந்து
மாறிகளுக்குப் பெயர் வைத்து, பக்கத்தில் குறிப்பெழுதி,
பிழைவிட்டு, நடுச்சாமத்தில் பிழை கண்டுபிடித்து
எழுதியிருப்பார்.
இது அதை அரைத்த மா.
மூலம் என்று இதைத்தான் தந்திருக்கிறார்கள்.

சுன்னாகத்திலிருக்கும் அனோஜனுக்கு எடுத்தேன்.
'எண்தானே அக்கா. திருத்தலாம் எண்டு எழுதியிருக்கு.
ஆர் மறிச்சது?'
எது என்ன எண்டு தெரியாமல் எதைத் திருத்துறது?
'அப்ப கொம்பனியின்ர மற்றப் பொதியைப் போடுங்கோ.
அது நேர்மை. கொடுக்கலாம், பிரிச்சுப் பார்க்கக்கூடாது.'
போட்டால் பெட்டியில கட்டற்றது எண்டு ஒட்டேலாது.
'ஒட்டாதேங்கோ.'
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
'இதையே சில்லுக்குள்ள எரிச்சு அனுப்பியிருந்தா
நீங்கள் கேட்டே இருக்கமாட்டியள்.
வெளியில கோப்பாய் வந்தபடியால்தான் கேக்கிறியள்.'

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.
இப்பவும் இல்லை.

மயிலிட்டிப் பக்கம் எங்களுக்கு நாலு பரப்பு.
உறுதி அலுமாரியில், பொலித்தீன் உறைக்குள்.
முத்திரை உண்டு. சாட்சிகள் இரண்டு பேர்.
வடக்கு எல்லை ஒழுங்கை, கிழக்கு எல்லை சிவக்கொழுந்தின் வளவு.
கம்பிவேலிக்கு அங்கால் இப்போது என்ன நிற்கிறதென்று
வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.
வருசத்தில் ஒருநாள்
பெயர் பதிந்து, கோயிலைக் கும்பிட்டு,
நாலு மணிக்குள் திரும்பிவிடவேண்டும்.
போகும் வழியில் தலையைத் திருப்பிப் பார்க்கலாம்.

கொம்பனிக்கு எழுதினேன்.
அது இரண்டு தரம் கைமாறியிருந்தது.
முதல் கடிதம் திரும்பி வந்தது.
இரண்டாவதற்கு, உங்கள் கோரிக்கை எமக்கு முக்கியம்
என்று ஒரு பதில், ஆளின் பெயர் இல்லாமல்.

செவ்வாய் இரவு இன்னொரு பென்டிரைவ் எடுத்தேன்.
அதில் அந்த ஒரு கோப்பு மட்டும், தனியாக.
கூடவே ஒரு தாள்:

வடக்கு எல்லை: எவரும் படிக்கக்கூடிய இயக்கி.
கிழக்கு எல்லை: அன்ரெனா.
தெற்கு எல்லை: இன்ரநெற்.
மேற்கு எல்லை: தெரியாது.
உள்ளே போய் அளந்தவர் இல்லை.
வேண்டுமானால் போடவும். போட்டது என்னவென்று
தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டு போடவும்.

புதன்கிழமை போட்டார்கள். போடாமல்?
பதினாறு பச்சை வெளிச்சம் ஒவ்வொன்றாய் மினுங்க
பிள்ளைகள் கத்தினார்கள். நானும் சிரித்தேன்.
தாளை ஆசிரியர் மடித்து
வரவுப் பதிவேட்டுக்குள் வைத்தார்.

வியாழன், கந்தோர்.
கொக்குவில் காணி ஒன்று, இரண்டு பரப்பு, நன்கொடை உறுதி.
'கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்'
என்ற இடத்தில் கை நின்றுவிட்டது.
ஐயா, இந்தக் கிணத்துக்குப் போற பாதை
ஆரின்ர காணிக்குள்ளால?

மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
தட்டும் பிள்ளை, என்றார்.